எம்.எஸ்.டபிள்யூ. கடைசி செமஸ்டர் போர்ட்ஃபோலியோ: எதை வைப்பது, எதை விடுவது?

அரூர்_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் வருடம் படிக்கிறேன். புராஜெக்ட் ரிப்போர்ட் தனி, அது கைடு பார்த்து ஓரளவு முடிந்துவிட்டது. இப்போது குழப்பம் எல்லாம் போர்ட்ஃபோலியோவில்தான், அதாவது இரண்டு வருட வேலையிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் தொகுப்பில். எங்கள் துறையில் இந்த வருடம்தான் முதல்முறையாகக் கேட்கிறார்கள், அதனால் சீனியர்களிடம் வாங்கிப் பார்க்க மாதிரி எதுவும் கிடையாது. "ரெண்டு வருஷத்துல நீங்க என்ன கத்துக்கிட்டீங்கன்னு அதுல தெரியணும்" என்று ஹெச்.ஓ.டி. சொன்னதோடு சரி. அடுத்த மாதக் கடைசியில் வைவா (வாய்மொழித் தேர்வு). அதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே இரண்டு காப்பியும் ஒரு பி.டி.எஃப்.பும் கொடுத்துவிட வேண்டும்.

கையில் நிறைய இருக்கிறது. ஃபீல்டு ஒர்க் ரெக்கார்டு நாலு நோட்டு, கேஸ் ஒர்க் (தனி ஆளோடு, குடும்பத்தோடு செய்தது), குரூப் ஒர்க் (குழுவோடு செய்தது), சித்தேரி மலையில் போட்ட கிராம முகாம் ரிப்போர்ட், பிளாக் பிளேஸ்மென்ட் (ஒரு நிறுவனத்தில் தொடர்ச்சியாகச் செய்யும் களப்பயிற்சி) சான்றிதழ், செமினார் பேப்பர்கள், ஊர் மக்களோடு உட்கார்ந்து சார்ட்டில் வரைந்த சமூக வரைபடம், பருவகால நாட்காட்டி, போட்டோக்கள். இதையெல்லாம் அப்படியே அடுக்கி பைண்டிங் செய்துவிடலாம் என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள், தடிமனாக இருந்தால்தான் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) மதிப்பாராம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் குறைத்தால் எதைக் குறைப்பது?

ஒவ்வொரு பகுதிக்கும் பிரதிபலிப்பு, அதாவது செய்ததைத் திரும்பிப் பார்த்து ஒரு குறிப்பு, எழுதச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்தால் "இந்தக் களப்பணி எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்பதைத் தாண்டி வரி நகர மாட்டேன் என்கிறது.

இன்னொன்று, கேஸ் ஒர்க்கில் ஒன்று கல்யாணம் நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றியது, 18 ஆகாதவள். அதற்கு மேல் இங்கே சொல்ல விரும்பவில்லை. பெயரை மாற்றினால் போதுமா? அப்புறம், நான் எழுதியதில் பாதி தமிழில் பாமினி எழுத்துருவில், பாதி ஆங்கிலத்தில். இதை எப்படி ஒன்றாகச் சேர்ப்பது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

பர்கூரான் எழுதியது:

தங்கச்சி, கூடப் படிக்கிறவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் வைவாவில் எக்ஸ்டர்னல் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, கையில் தூக்கிப் பார்த்தார், நல்லா உழைச்சிருக்கீங்க என்றார், முடிந்தது. இருப்பதை எல்லாம் வை. இல்லாததற்கு மார்க் குறைப்பார்கள், இருப்பதற்குக் குறைக்க மாட்டார்கள்.

களப்பணி_ஆசிரியை எழுதியது:

சேலம், தர்மபுரி பக்கம் சமூகப்பணி பாடம் எடுக்கிறேன், போர்ட்ஃபோலியோ திருத்துகிறவர்களில் ஒருத்தி என்ற முறையில் எழுதுகிறேன். பர்கூரான் தம்பி சொன்ன மாதிரி எக்ஸ்டர்னலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புரட்டிப் பார்க்கிறவர் வந்து உட்கார்ந்தால், எல்லாவற்றையும் வைத்தவர்தான் மாட்டிக்கொள்வார். எந்தப் பக்கத்தைத் திறந்து கேள்வி கேட்பார் என்று தெரியாது, முதல் செமஸ்டரில் யாரோ சொல்லக் கேட்டு எழுதின பக்கமாகக்கூட அது இருக்கலாம்.

ரெக்கார்டு என்பது நீ ஃபீல்டுக்குப் போனாய் என்பதற்குச் சாட்சி. அதற்கு ஏற்கெனவே மார்க் போட்டாகிவிட்டது. போர்ட்ஃபோலியோ, போய்வந்ததில் உன் வேலை எப்படி மாறியது என்பதைக் காட்ட. அதனால் கேஸ் ஒர்க்கில் ஒன்று, குரூப் ஒர்க்கில் ஒன்று, சமுதாய அளவில் செய்தது ஒன்று, ஒரு நல்ல செமினார் பேப்பர், இவ்வளவு போதும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இதை ஏன் எடுத்தேன் என்று ஒரு பக்கம். மீதி ரெக்கார்டு எல்லாம் எங்கே இருக்கிறது என்று பின்னிணைப்பில் ஒரு பட்டியல் போட்டுவிட்டால் கேட்கிறவர் கேட்டுப் பார்த்துக்கொள்வார்.

நான் என் மாணவர்களிடம் கட்டாயமாகச் செய்யச் சொல்வது ஒன்று உண்டு. முதல் செமஸ்டரில் எழுதிய ஒரு வீட்டுச் சந்திப்புப் பதிவையும் மூன்றாம் செமஸ்டரில் எழுதிய ஒன்றையும், ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தியது உட்பட, எதையும் தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் வை. முதல் பதிவில் "வீடு அசுத்தமாக இருந்தது, தாய்க்கு விழிப்புணர்வு இல்லை" என்று இருக்கும். பின்னதில் தாய் என்ன சொன்னார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அவர் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார் என்று இருக்கும். நீ வளர்ந்திருக்கிறாய் என்று நீயே சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர் கண்ணில் படும்.

பிரதிபலிப்புக்கு வருகிறேன். நீ நினைத்தது ஒன்று, அங்கே இருந்தது வேறு ஒன்று என்ற ஒரு தருணத்தைப் பிடி. அது கிடைத்தால் வரி தானாக நகரும். நம் மாவட்டத்திலேயே உதாரணம் சொல்கிறேன். ஃபுளோரைடு பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் போடாத எம்.எஸ்.டபிள்யூ. மாணவர் இங்கே அபூர்வம். ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லை என்றால் 1.5 வரை, அதற்கு மேல் போனால் பல்லும் எலும்பும் பாதிக்கும் என்று சார்ட் வைத்துச் சொல்வார்கள். ஒரு மாணவர் அப்படிச் சொல்லி முடித்ததும் ஒரு பாட்டி கேட்டிருக்கிறார்: "ஒகேனக்கல் தண்ணி வராத அன்னிக்கு என்ன சாமி குடிக்கிறது, அதையும் சொல்லிட்டுப் போ." அந்தப் பையன் அதை அப்படியே எழுதி, தான் தயாரித்துப் போன பேச்சில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை என்பதையும், மக்களுக்குத் தகவல் போதவில்லை என்று தான் எடுத்த முடிவு எப்படித் தவறியது என்பதையும், அடுத்த வாரம் டேங்க் ஆபரேட்டரைப் பார்த்துத் தண்ணீர் விடும் நாட்களைக் குறித்து வந்ததையும் எழுதியிருந்தான். ஒன்றரைப் பக்கம்தான். வைவாவில் அரைமணி நேரம் அதைப் பற்றியே பேச்சு ஓடியது. பிரதிபலிப்பு எழுத உதவும் கிப்ஸ் சுழற்சியை வகுப்பில் படித்திருப்பாய், நடந்தது, மனதில் பட்டது, நல்லது கெட்டது, ஏன் அப்படி, என்ன முடிவு, அடுத்து என்ன செய்வேன் என்று ஆறு படி. அது யோசிக்க உதவும், ஆனால் ஆறையும் தலைப்பாகப் போட்டு நிரப்பாதே, படிவம் பூர்த்தி செய்த மாதிரி ஆகிவிடும்.

அந்தப் பெண்ணின் கேஸ் பற்றி. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 பெயரோடு நிற்கவில்லை, முகவரி, பள்ளி, அடையாளம் தெரிய வழி செய்யும் எந்த விவரமும் வெளியாகக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சின்ன ஊரில் பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடிக்கலாம். அப்பா இன்ன வேலை, அக்காவை இன்ன ஊரில் கொடுத்திருக்கிறது, பத்தாவதில் இவ்வளவு மார்க், இந்த மூன்றும் சேர்ந்தாலே போதும், யார் என்று தெரிந்துவிடும். உன் தலையீட்டைப் புரிந்துகொள்ளத் தேவையில்லாத எந்த விவரமும் அங்கே இருக்க வேண்டாம். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு நகலை "ஆதாரம்" என்று இணைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதே. போர்ட்ஃபோலியோ துறை நூலகத்துக்குப் போகும், அங்கே யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிப்பார்கள்.

கடைசியாக, "கேஸ் ஒர்க் என்றால் என்ன" என்று ஆரம்பித்து வரையறைகளாக இரண்டு பக்கம் வைப்பார்களே, அது உன் போர்ட்ஃபோலியோவுக்குத் தேவையே இல்லை. யு.ஜி.சி.யின் 2018 கருத்துத்திருட்டு விதிமுறைகள் முதுநிலை மாணவர்களுக்கும் உண்டு. பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை, அதற்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்கு மிகாத காலக்கெடுவுக்குள் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும். அது ஆய்வேடுகளுக்கான விதி. ஆனால் போர்ட்ஃபோலியோவையும் ஆய்வேட்டைச் சோதிக்கும் அதே சாஃப்ட்வேரில் போட்டுப் பார்க்கும் துறைகள் உண்டு, ஒத்துப்போவது பெரும்பாலும் இந்த வரையறைப் பக்கங்கள்தான்.

தளி_ரோடு எழுதியது:

மேடம் சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் சம்மதம். நான் தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன், களப்பணியாளர் வேலைக்கு வருகிறவர்களை நேர்காணல் செய்வதும் என் வேலைதான். போர்ட்ஃபோலியோவோடு வருகிறவர்களிடம் நான் முதலில் தேடுவது, அவர் மக்களோடு எந்த மொழியில் பேசினார் என்று எழுதியிருக்கிறாரா என்பது. எங்கள் பக்கம் தெலுங்கும் கன்னடமும் கலந்துதான் ஊர். அஞ்செட்டியில் ஒரு அம்மாவோடு கன்னடத்தில் பேசிவிட்டு, அவர் சொன்னதாக அழகான தமிழ் வாக்கியம் ஒன்றை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. பேச்சு எந்த மொழியில் நடந்தது, கூட யார் இருந்து மொழிபெயர்த்தார், அது அவருடைய வீட்டுக்காரரா அங்கன்வாடிப் பணியாளரா, ஒரு வரி போதும். வீட்டுக்காரர் மொழிபெயர்த்திருந்தால் அந்த அம்மா சொன்னதில் பாதி உங்கள் காதுக்கு வந்திருக்காது, அதைத் தெரிந்து எழுதியிருக்கிறீர்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

போட்டோ பற்றி யாரும் சொல்லவில்லை. இப்போது நாக் குழுவுக்காக (கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் அமைப்பு) பல கல்லூரிகளில் ஜியோ டேக் போட்டோ கேட்கிறார்கள். அந்த ஆப்பில் எடுத்தால் படத்தின் அடியிலேயே ஊர் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் அச்சாகிவிடும். முகத்தை மறைத்து, பெயரை மாற்றி, கடைசியில் வீட்டு வாசலைக் காட்டும் எண்ணைப் படத்தோடு கொடுத்தால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. முகாம், பேரணி, மரம் நட்டது, இதற்கெல்லாம் ஜியோ டேக் இருக்கட்டும். வீட்டுச் சந்திப்புக்கும் கேஸ் ஒர்க்குக்கும் போட்டோவே வேண்டாம் என்பது என் கருத்து. துறையில் வற்புறுத்தினால் ஏன் இல்லை என்று எழுத்தில் கொடுங்கள், அதைவிட நல்ல பிரதிபலிப்பு வேறு இருக்காது. ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) களப்பணி செய்த நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் இன்னும் கவனம் வேண்டும், ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது.

அந்தப் பருவகால நாட்காட்டியைக் கட்டாயம் வையுங்கள். பல பேர் அதைச் சார்ட் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் பார்த்தவற்றில் நல்லது ஒன்றில், மாசி பங்குனியில் புளி உலுக்குவது, அப்புறம் மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் கூழ் ஃபேக்டரி வேலை, மழை பார்த்து ராகி விதைப்பு, இடையில் வேலை இல்லாத மாதங்களில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புவது என்று ஒரே தாளில் இருந்தது. அதற்குக் கீழே அந்த மாணவர், பள்ளியில் பிள்ளைகள் வராத மாதங்களையும் ஒரு கோடாகப் போட்டிருந்தார். கிளம்பும் மாதமும் வராத மாதமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. இடைநிற்றலுக்குப் பெற்றோரின் அலட்சியம் காரணம் என்று யாரும் அதற்குப் பிறகு அந்த அறையில் பேசவில்லை. அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டோம்.

மேடத்தோடு ஒரே ஒரு இடத்தில் வேறுபடுகிறேன். ஒரே ஒரு கேஸ் ஒர்க் என்றால், பாதியில் நின்றுபோன ஒன்றையும் சேர்க்க இடம் வேண்டும். முடித்துக்காட்டியதை மட்டும் வைக்கும்போது எல்லாக் குடும்பமும் ஆறாவது சந்திப்பில் திருந்திவிடுவது போல இருக்கிறது, களத்தில் அப்படி இல்லை.

களப்பணி_ஆசிரியை எழுதியது:

தளி ரோடு சொல்வது நியாயம். முடிந்தது ஒன்று, முடியாமல் நின்றது ஒன்று, இரண்டாக வைக்கலாம். ஜியோ டேக் விஷயத்தை நானும் துறைக் கூட்டத்தில் பேசுகிறேன்.

நாலு_ரோடு_டிடிபி எழுதியது:

தர்மபுரியில் டி.டி.பி., ஜெராக்ஸ், பைண்டிங் கடை. படிப்பு விஷயம் மேடமும் சாரும் சொல்லிவிட்டார்கள், நான் அச்சு விஷயம் சொல்கிறேன் பாப்பா, ஏன் என்றால் ஏப்ரல் மே மாதத்தில் எங்கள் கடை வாசலில் பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பாமினியில் அடித்ததை அப்படியே யூனிகோடு ஃபைலில் ஒட்டாதீர்கள். பாமினியில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும், எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கிலமாக வந்து நிற்கும். என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றில் மாற்றுங்கள். ஆனால் தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கத்தை மொத்தமாக மாற்றினால் ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தாகிக் கெட்டுப்போகும், அதனால் தமிழ்ப் பத்தியை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ர இருக்கும், கௌ என்பது ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகப் பிரிந்து கிடக்கும். கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், தேடினால் அகப்படாது. பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே தமிழ் எழுத்துரு, லதாவோ மருதமோ ஏதாவது ஒன்று. தமிழ் 12 புள்ளியில் வைத்தால் ஆங்கிலம் 12ஐ விட அகலமாக இடம் பிடிக்கும், பக்கம் கூடும், அதை முன்னாலேயே கணக்கில் வையுங்கள்.

கடைக்கு வேர்டு ஃபைலாகக் கொண்டுவராதீர்கள், பி.டி.எஃப்.பாக மாற்றி, அதை வீட்டில் வேறு யாருடைய போனிலாவது திறந்து எல்லாப் பக்கத்தையும் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் என் கணினியிலும் சரியாக இருக்கும். போட்டோக்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே வரும். சார்ட் படங்களைப் பகல் வெளிச்சத்தில் தரையில் விரித்து நேர் மேலிருந்து எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், நடுவில் வெள்ளையாக அடித்துவிடும்.

இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விடுங்கள், இல்லாவிட்டால் பைண்டிங்கில் எழுத்து உள்ளே போய்விடும். ரெண்டு பக்கமும் பிரின்ட் என்றால் தாள் கொஞ்சம் கனமாக இருக்கட்டும், மெல்லிசுத் தாளில் பின்பக்கம் தெரியும். கலர் வேண்டிய பக்கங்களின் எண்ணைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தால் காசு மிச்சம். முக்கியமானது, கைடும் ஹெச்.ஓ.டி.யும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கெட்டி அட்டை போடாதீர்கள். முதலில் ஸ்பைரல் போட்டுக் காட்டுங்கள், திருத்தம் வரும், வராமல் இருக்காது. தங்க எழுத்து அட்டைக்கு ஒரு நாள் வேண்டும், கடைசித் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தால் யாராலும் முடியாது.

பர்கூரான் எழுதியது:

போட்டோ விஷயம் நான் யோசிக்காதது. எங்கள் ஜூனியர் குரூப்பிலும் அதைப் போட்டுவிட்டேன். தடிமன் பற்றி மட்டும் இன்னும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, இன்டர்னலில் பக்கக் கணக்குப் பார்க்கிறவர் இருந்தால் என்ன செய்வது என்று கைடிடம் முன்னாலேயே கேட்டுக்கொள் தங்கச்சி.

அரூர்_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கைடிடம் பேசினேன், பக்கக் கணக்கு இல்லை, பின்னிணைப்பில் பட்டியல் இருந்தால் போதும் என்றார். முதல் செமஸ்டர் பதிவும் மூன்றாம் செமஸ்டர் பதிவும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், மேடம் சொன்னது அப்படியே இருக்கிறது.

இரண்டு சந்தேகம் மிச்சம். அந்தப் பெண்ணின் ஊர் ரொம்பச் சின்னது. தேவையில்லாததை எல்லாம் எடுத்துவிட்டுப் படித்தாலும் அந்தப் பக்கத்து ஆள் யாராவது படித்தால் தெரிந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது, எங்கள் கல்லூரியில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது அவளிடம்தான். அதை விட்டுவிட்டால் என் போர்ட்ஃபோலியோவில் நானே இல்லாத மாதிரி இருக்கிறது. அப்புறம், ஏஜென்சியில் என்னை மேற்பார்வை பார்த்த அதிகாரி ஓசூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். வருகைப் பதிவில் இரண்டு மாதத்துக்கு அவர் கையெழுத்து இல்லை. புதிதாக வந்தவர், நான் பார்க்காததற்கு எப்படிப் போடுவது என்கிறார்.

களப்பணி_ஆசிரியை எழுதியது:

உனக்கே தெரிந்துவிடும் என்று தோன்றினால் அந்தக் கேஸ் பதிவை வைக்காதே. அது துறையில் ரகசியக் கோப்பாக இருக்கட்டும், மதிப்பெண் ஏற்கெனவே அதற்கு உண்டு. அதற்குப் பதிலாக உன்னைப் பற்றி எழுது. முதன்முதலில் 1098க்கு (குழந்தைகள் உதவி எண்) பேசும்போது எதைச் சொல்லத் தெரிந்தது, எதைச் சொல்லத் தெரியவில்லை, குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006ஐப் பரீட்சைக்குப் படித்ததற்கும் ஒரு வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்வதற்கும் இடையில் நீ என்ன உணர்ந்தாய், கல்யாணம் நின்ற பிறகு ஊரில் அந்தக் குடும்பத்தோடு பேச்சு நின்றபோது ஒரு சமூகப்பணியாளருக்கு அங்கே என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்று நினைத்தாய். பெண்ணின் வயது, ஊர், வீடு, மாதம் எதுவும் இதற்கு வேண்டாம். "அடையாளம் காக்கும் பொருட்டு இந்தப் பதிவு இணைக்கப்படவில்லை, துறைத்தலைவரின் அனுமதியோடு தேர்வாளர் நேரில் பார்க்கலாம்" என்று ஒரு குறிப்பு போட்டுவிடு. கைடிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துக்கொள்.

கையெழுத்துக்கு, புதியவர் சொல்வது சரிதான், அவரை வற்புறுத்தாதே. பழைய அதிகாரி மாற்றலானாலும் தான் மேற்பார்வை செய்த காலத்துக்குச் சான்று கொடுக்கலாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று குறிப்பிட்டு, அப்போது இருந்த பதவியையும் எழுதி ஒரு கடிதம் தயார் செய்து, வருகைப் பதிவின் நகலோடு நேரில் கொண்டுபோ. ஓசூருக்குப் பஸ் இருக்கிறது, ஆனால் போவதற்கு முன்னால் போன் செய்துவிட்டுப் போ, களத்துக்குப் போகிற அதிகாரிகள் பாதி நாள் அலுவலகத்தில் இருக்க மாட்டார்கள். அவர் கையெழுத்துப் போட்டதும் அலுவலக சீல் புதியவரிடம் கேள், கையெழுத்தைப் பார்த்து சீல் வைக்க அவருக்குத் தயக்கம் இருக்காது. அதுவும் முடியாமல் போனால் உங்கள் துறையின் களப்பணி ஒருங்கிணைப்பாளரிடம் இந்த வாரமே எழுத்தில் கொடுத்துவிடு, ஸ்பைரல் காப்பி காட்டும் நாள் வரைக்கும் இதைத் தள்ளிப்போடாதே.